2 லீற்றர் கார் 240 குதிரை, 13 லீற்றர் லொறி 540 குதிரை: கணக்கு எங்கே இடிக்குது?

கொக்குவில் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் கொஞ்ச நாளாக ஒரு வாக்குவாதம், தீர்த்து வையுங்கள்.

ஹொண்டா எஸ்2000 காரின் எஞ்சின் 2 லீற்றர். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான்) கிடையாது. 8,300 ஆர்பிஎம்மில் (நிமிசத்துக்கு இத்தனை சுற்று) 240 குதிரை வலு தருகிறது. வொல்வோ லொறியில் வருகிற டி13 எஞ்சின் 12.8 லீற்றர், டர்போவும் இருக்கிறது, ஆனால் லொறிக்கு 540 குதிரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லீற்றருக்கு எத்தனை என்று பார்த்தால் கார் 120, லொறி 42. ஹொண்டாக்காரன் கணக்கில் லொறி எஞ்சினைச் செய்திருந்தால் 1,500 குதிரை வந்திருக்க வேண்டுமே?

சும்மா பொழுதுபோகாமல் கேட்கவில்லை. மாமா ஒரு பழைய டாட்டா டிப்பர் வைத்திருக்கிறார். 697 எஞ்சின், டர்போ இல்லாதது. மணல், கிரவல் ஏற்றுகிற வேலை. ஒரு கராஜில், "டீசல் பம்மைக் கொஞ்சம் கூட்டி விட்டால் 30 குதிரை சும்மா வரும், கொம்பனிக்காரன் வேணுமென்றுதான் குறைச்சு வைச்சிருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா செய்யப்போகிறேன் என்று நிற்கிறார். வேண்டாம் என்கிறேன், ஆனால் "ஏன் வேண்டாம்?" என்று திருப்பிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நல்லூர் நக்கல்

எல்லா லொறியையும் 9,000 ஆர்பிஎம்மில் ஓட விடுங்கோ. ஆனையிறவு றோட்டு முழுக்கச் சின்ன வெங்காயம் சிதறிக் கிடக்கும். நான் சாக்கோடு ரெடி.

டிப்போ ஐயா

தம்பி, கோண்டாவில் டிப்போவில் கனகாலம் ஸ்பனர் பிடித்தவன் சொல்கிறேன். "குறைச்சு வைச்சிருக்கிறான்" என்கிற கதையே பிழை.

குதிரை வலு என்பது டோர்க்கையும் (எஞ்சின் சுழற்றும் விசை) ஆர்பிஎம்மையும் பெருக்கி வருகிற தொகை. நியூட்டன் மீற்றரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாற்று வரும், அவ்வளவுதான். நீர் சொன்ன ஹொண்டாவின் உச்ச டோர்க் 208 நியூட்டன் மீற்றர், அதுவும் 7,500 ஆர்பிஎம்முக்கு ஏறின பிறகு. வொல்வோவுக்கு 2,600, அதுவும் 1,000 ஐத் தாண்டின கையோடு. இப்போது இதையும் லீற்றருக்குப் பிரித்துப் பாரும். கார் 104, லொறி 203. ஒவ்வொரு அடிக்கும் லொறி எஞ்சின்தான் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. ஹொண்டா தன் சின்ன அடியை ஐந்து மடங்கு கெதியாக அடிக்கிறது, அதனால் பெருக்குத்தொகை கூடிவிடுகிறது.

நூறு பேரை ஏற்றிய 750 ஆம் இலக்க பஸ் பருத்தித்துறைக்குப் போகும்வரை எத்தனை தரம் நின்று எடுக்க வேண்டும் என்று யோசியும். ஒவ்வொரு முறையும் 600, 700 ஆர்பிஎம்மில் கிளச் பிடிக்கும்போதே எஞ்சின் முழுப் பாரத்தையும் அசைக்க வேண்டும். அந்த இடத்தில் ஹொண்டாவிடம் ஒன்றுமே இல்லை. சவாரித் திடலில் முதல் வாற சோடியைக் கொண்டுபோய் நாற்று வயலில் பூட்டினால் என்ன நடக்கும்? மாட்டில் குறை இல்லை. பூட்டினவனில்தான் குறை.

கார் எஞ்சினின் பறக்கும்சில்லை ஒரு கையால் தூக்கலாம். பஸ் எஞ்சினினதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்தப் பாரம்தான் குறைந்த ஆர்பிஎம்மில் எஞ்சினைச் சாகவிடாமல் உருட்டுகிறது.

கொக்குவில் பெடியன்

ஐயா, விளங்குகிறது. ஆனால் ஒரு சந்தேகம். கியர்பொக்ஸ் டோர்க்கைப் பெருக்கித் தரும்தானே? ஹொண்டா எஞ்சினுக்குப் பெரிய விகிதத்தில் கியர் போட்டால் சில்லில் எவ்வளவு டோர்க் வேண்டுமென்றாலும் எடுக்கலாமே. அப்படியென்றால் டோர்க் குறைவு என்பது ஒரு காரணமா?

அறிவியல்நகர்

நல்ல கேள்வி. நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். இந்த இடத்தில்தான் பெரும்பாலான விவாதங்கள் "டோர்க் இழுக்கும், குதிரை ஓடும்" என்ற வாய்ப்பாட்டோடு நின்றுவிடும். ஐயா கோபிக்கக் கூடாது, அந்த வாய்ப்பாடு பாதிதான் சரி. கியர் டோர்க்கைப் பெருக்கும், வலுவைப் பெருக்காது. ஓர் ஏற்றத்தை எந்த வேகத்தில் ஏறலாம் என்பதை வலுதான் முடிவு செய்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 16 தொன் லொறி, நூற்றுக்கு 7 சாய்வுள்ள ஏற்றம், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் என்று வைப்போம். சாய்வுக்கு எதிராக ஏறக்குறைய 11,000 நியூட்டன், ரயர் உருளும் தடைக்கு இன்னும் 1,250. இந்த விசையை வேகத்தால் பெருக்கினால் 85 கிலோவாற்று, அதாவது 114 குதிரை. அதே ஏற்றத்தில் 1.3 தொன் எஸ்2000 இரண்டு மடங்கு வேகத்தில், மணிக்கு 50 இல் ஏறினாலும் அதற்குத் தேவை 20 குதிரைதான்.

லொறியின் எஞ்சின் 130 குதிரை என்றால், ஏற்றம் முடியும்வரைக்கும் அது தன் பலத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்2000 தன் பலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுக்கிறது. அது 240 ஐயும் தருவது முந்திச் செல்லும்போது, கியர் மாற்றுவதற்கு முன் உள்ள சில செக்கன்களுக்கு. அதற்குள் வேக எல்லை வந்துவிடும், இல்லாவிட்டால் முன்னால் ஒரு மாடு வந்துவிடும்.

கடதாசியில் ஹொண்டா எஞ்சின் அந்த லொறியை ஏற்றத்தில் இழுக்கும். 5,000 ஆர்பிஎம்முக்கு மேலே பிடித்து வைத்தால் 114 குதிரை தாராளமாக வரும். ஆனால் புறப்படும்போது கிளச்சை அரைவாசியில் பிடித்து எஞ்சினைக் கத்த விட வேண்டும், கிளச் தட்டு எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் 85 கிலோவாற்றைத் தொடர்ந்து தர பெற்றோல் எஞ்சின் 33 லீற்றரைச் சுற்றிக் குடிக்கும். அதே வேலைக்குப் பழைய டீசல் எஞ்சினுக்கு 22 லீற்றர் போதும். இதையெல்லாம் விடப் பெரிய பிரச்சினை ஆயுள்.

அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, பிஸ்டனின் சராசரி வேகம். ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) இரண்டால் பெருக்கி, செக்கனுக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். எஸ்2000 இன் ஸ்ட்ரோக் 84 மில்லிமீற்றர், 9,000 ஆர்பிஎம்மில் செக்கனுக்கு 25 மீற்றர். பழைய ஃபோர்முலா வன் 2.4 லீற்றர் வி8 எஞ்சின்கள் 18,000 ஆர்பிஎம் ஓடின, ஆனால் ஸ்ட்ரோக் 40 மில்லிமீற்றர்தான், அதனால் அவையும் 24 இல் வந்து நின்றன. அந்த எல்லையைச் சுற்றித்தான் எல்லா ரேஸ் எஞ்சினும் நிற்கிறது. டி13 இன் ஸ்ட்ரோக் 158 மில்லிமீற்றர். 1,800 ஆர்பிஎம்மில் 9.5 மீற்றர். வழக்கமாக ஓடும் 1,200 இல் 6.3.

நீங்கள் கேட்ட 1,500 குதிரை எடுக்க டி13 ஐயும் 25 மீற்றருக்குக் கொண்டுபோகலாம் என்றால் 4,700 ஆர்பிஎம் ஓட்ட வேண்டும். அப்போது பிஸ்டன் கீழே இறங்க எடுக்கும் நேரம் 6 மில்லிசெக்கன் சொச்சம். அதற்குள் டீசலைத் தெளித்து, அது காற்றோடு கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். 131 மில்லிமீற்றர் அகலமான சிலிண்டரில் அது நடக்காது. பாதி டீசல் எக்ஸோஸ்டில் கரியாகப் போகும்.

டிப்போ ஐயா

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. படித்த பிள்ளை கணக்கோடு சொன்னால் கேட்கத்தானே வேண்டும். ஆனால் டிப்போவில் யாரும் கிலோவாற்றில் கதைக்க மாட்டார்கள். "இழுக்குதா, இழுக்கேல்லையா" அவ்வளவுதான்.

ஸ்காபரோ சாரதி

வணக்கம் உறவுகளே. ஊர் தெல்லிப்பழை, இப்போது ஒன்டாரியோவில் நெடுந்தூர லொறி ஓடுகிறேன். தம்பியின் கணக்கு சரி, ஸ்டியரிங் பக்கம் இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

நான் ஓடுகிறது 18 கியர் பெட்டி. புதிதாக வருபவர்கள் இத்தனை கியர் எதற்கு என்று கேட்பார்கள். எஞ்சின் ஒழுங்காக வேலை செய்வது 1,000 இலிருந்து 1,600 வரை என்ற ஒரு ஒடுக்கமான வெளியில்தான். அந்த வெளியை விட்டு வெளியே போகாமல் இருக்கத்தான் கியருக்கும் கியருக்கும் இடையில் அவ்வளவு சின்னப் படிகள். எஸ்2000 க்கு 6 கியர் போதும், அதற்கு 9,000 வரைக்கும் ஓடுகிற இடம் இருக்கிறது.

மணிக்கு 100 இல் போகும்போது என் ஆர்பிஎம் முள் 1,200 இல் படுத்துக்கிடக்கும். பின்னால் 36 தொன், சில நாள் அதற்கு மேலும். காலை ஏறினால் மத்தியானம்வரைக்கும் அப்படியே. பத்து இலட்சம் கிலோமீற்றர் ஓடின எஞ்சின் என்றால் இங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். திறந்து ரிங்கும் லைனரும் போட்டு இன்னும் ஓடுவார்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கார்க்காரர் யோசிக்காத விசயம். லொறி எஞ்சின் ஏறுவதற்கு மட்டும் இல்லை, இறங்குவதற்கும் வேண்டும். நீண்ட இறக்கத்தில் சில்லு பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால் எஞ்சினே ஒரு பிரேக். அமுக்கின காற்றை மேலே வந்ததும் எக்ஸோஸ்ட் வால்வைத் திறந்து விட்டுவிடும், அந்தப் பலம் பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது. 1961 இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யோசனை கிளெஸி கமின்ஸ் என்பவருடையது, கமின்ஸ் எஞ்சினைத் தொடங்கிய அதே மனிதர். வால்வும் அதைத் திறக்கிற கேம்மும் ஹெட்டும் இந்த அடியைத் தாங்கவும் சேர்த்துத்தான் செய்யப்படுகின்றன. மலிவாக, மெல்லிசாகச் செய்ய முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மானிப்பாய் சிவிக்

எல்லாரும் லொறிக்காரர் சங்கம் மாதிரிக் கதைக்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன்.

டீசல் வேகமாக ஓடாது என்று யார் சொன்னது? 2006 இல் லு மான் 24 மணி நேர ஓட்டப் போட்டியை வென்றது அவுடி ஆர்10. டீசல் கார். 5.5 லீற்றர் வி12, 650 குதிரைக்கு மேல். அதுதான் அங்கே வென்ற முதல் டீசல். லீற்றருக்கு 118 குதிரை, ஹொண்டாவோடு சரிசமம். ஆக, லொறிக் கொம்பனிக்காரர் மனம் வைத்தால் முடியும்.

அப்புறம் கேம். ஹொண்டா 1989 இல் விடெக் கொண்டுவந்தது. 1.6 லீற்றரில் 160 குதிரை. கீழே ஓடும்போது ஒரு கேம், மேலே ஓடும்போது இன்னொரு கேம். இரண்டு உலகமும் ஒரே எஞ்சினில். 35 வருசத்துக்கு மேலாகிவிட்டது, லொறிக்கு ஏன் இன்னும் போடவில்லை?

அறிவியல்நகர்

அண்ணை, அவுடி உதாரணம் அருமையானது, ஆனால் உங்கள் பக்கம் நிற்கவில்லை. அந்த எஞ்சினும் 5,000 ஆர்பிஎம்மைச் சுற்றித்தான் ஓடியது. அவ்வளவு வலு வந்தது இரண்டு டர்போ திணித்த காற்றிலும் 1,100 நியூட்டன் மீற்றர் டோர்க்கிலும். 5.5 லீற்றரைப் பன்னிரண்டாகப் பிரித்ததால் ஒவ்வொரு சிலிண்டரும் சின்னது, அதனால்தான் அந்த வேகமாவது முடிந்தது.

எவ்வளவு தூரம் ஓடியது என்று பாருங்கள். 380 சுற்று, 5,200 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணம் கொழும்பு போய்வர 800 என்று வைத்தால் ஆறரை நடை. ஒரு மரக்கறி லொறி அதை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடும். முடித்துவிட்டு எஞ்சினைக் கழற்றி மேசையில் பரப்புகிற வசதி லொறி முதலாளிக்குக் கிடையாது.

விடெக் விசயம். ஆர்பிஎம் கூடும்போது உள்ளே வருகிற காற்றுக்கும் ஒரு உந்தம் வந்துவிடும். பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கின பிறகும் காற்று உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும். அதனால் ரேஸ் கேம் இன்லெட் வால்வைப் பிந்தி மூடும். அதே கேம்மோடு 1,000 ஆர்பிஎம்மில் ஓடினால், உந்தம் இல்லாத காற்றைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும், சிலிண்டர் பாதிதான் நிரம்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமாளிக்கத்தான் விடெக். லொறி எஞ்சின் 600 இலிருந்து 1,800 வரை மட்டும் வாழ்கிறது, நிரப்புகிற வேலையை டர்போ பார்க்கிறது. ஒரே கேம் போதும். இரண்டாவது கேம் போட்டால் பழுதாக இன்னொரு சாமான், அவ்வளவுதான் இலாபம்.

அச்சுவேலி தாத்தா

நீங்கள் எல்லாரும் எரிக்கிற எண்ணெயை மறந்துவிட்டுக் கதைக்கிறீர்கள். எஞ்சினை ரியூன் பண்ணுகிறது என்பது ஊரில் என்ன எண்ணெய் கிடைக்கும் என்பதையும் பார்த்துத்தான்.

90 களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் என்றால் மருந்துக்கும் இல்லை. யாழ்ப்பாணம் முழுக்க ஒஸ்ரின் ஏ40 காரும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடாறவிட்டால் திரும்பத் தொடக்கத்திலிருந்து. சந்தையில் நிற்கும்போதும் எஞ்சினை நிற்பாட்டாமல் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். பின்னால் சைக்கிளில் போகிறவனுக்குக் கண் எரியும்.

அது எப்படி ஓடியது? அந்த ஏ40 எஞ்சின் 1,200 சிசியில் 40 குதிரை. அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 7 சொச்சம். சோம்பேறி எஞ்சின் என்று இப்போது சிரிப்பீர்கள். அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டது. இந்தத் தம்பியின் எஸ்2000 க்கு அமுக்கம் 11. மண்ணெண்ணெய் விட்டால் பொறியின் தீ வந்து சேர முன்னமே தானாக வெடித்து, நொக்கிங்கில் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இழுத்துப் பிடித்து ரியூன் பண்ணின எஞ்சினுக்கு வாய் ருசி கூட.

இன்றைக்கும் அதே கதைதான். பழைய பம் வைத்த லொறி அழுக்கு டீசலையும் விழுங்கிப்போட்டு ஓடும். புதிய கொமன் ரெயில் எஞ்சினில் 1,600 பார், 2,000 பார் அழுத்தம். துளி தண்ணீர் போனால் இன்ஜெக்டர் விலையைக் கேட்டுத் தலை சுற்றும்.

மானிப்பாய் சிவிக்

தாத்தா, அந்தக் காலத்து எஞ்சின் ஒயில் என்ன கதியாகும்?

அச்சுவேலி தாத்தா

எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே வடியும். ஒயில் தண்ணியாகிவிடும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. கேட்காதீர் தம்பி.

மயிலிட்டி

நான் கடல் தொழில்காரன், லொறி தெரியாது. ஆனால் முதல் கேள்விக்கு நேரான பதில் எங்கள் பக்கம் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அதே வொல்வோ டி13 கடலுக்கும் வருகிறது, பென்டா என்ற பெயரில். ஒரே 12.8 லீற்றர். ஆனால் 400 குதிரையிலிருந்து 1,000 குதிரைவரை பல தரத்தில் விற்கிறார்கள். 400 குதிரை என்பது முதலாம் தரம், 1,800 ஆர்பிஎம். வருசம் முழுக்க, இரவும் பகலும், முழுப் பாரத்தில் ஓட்டலாம், மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை. 1,000 குதிரை என்பது ஐந்தாம் தரம், 2,400 ஆர்பிஎம். பணக்காரரின் உல்லாசப் படகுக்கு மட்டும். 12 மணித்தியாலத்தில் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கொம்பனியே எழுதித் தருகிறது.

டர்போ, இன்ஜெக்டர், கூலர் எல்லாம் வேறுதான். குளிர்விக்க ஒரு கடலே கீழே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் அடிக்கட்டை ஒன்றுதான். ஆகவே 1,000 குதிரை அவனுக்கு எடுக்கத் தெரியாமல் இல்லை. எடுத்தும் விற்கிறான். எத்தனை மணித்தியாலத்துக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டு விற்கிறான். பலநாள் படகில் போகிறவன் நடுக்கடலில் நிற்க விரும்பமாட்டான், அவன் 400 ஐத்தான் வாங்குவான்.

கொக்குவில் பெடியன்

மயிலிட்டி அண்ணை, மாமாவுக்குக் காட்ட இதுதான் வேண்டியிருந்தது. நன்றி.

ஆனால் அவர் கேட்பார்: "எனக்கு 1,000 வேண்டாம், 30 மட்டும் கூட்டினால் என்ன?" பம்மைக் கூட்டினால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

சாவகச்சேரி கராஜ்

இது என் வேலை, நான் சொல்கிறேன்.

மாமாவின் எஞ்சின் போர் (சிலிண்டரின் அகலம்) 97 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 128, ஆறு சிலிண்டர், 5.7 லீற்றர். பம்மின் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி) பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ, அதில் கம்பி கோர்த்து ஈயச் சீல் அடித்திருக்கும். அந்தச் சீலை வெட்டி, லொக் நட்டை இளக்கி, ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினால் ஒவ்வொரு அடிக்கும் போகிற டீசலின் உச்ச அளவு கூடும். ஐந்து நிமிச வேலை. ரைவர் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, "இப்பதான் வண்டி" என்பார். காசை வாங்கினவனுக்கு அதோடு வேலை முடிந்தது.

பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றர் காற்றைக் கூட்டும், பெற்றோல் அதற்கேற்ப வரும். டீசலில் காற்றுக்குத் தடுப்பே கிடையாது, எப்போதும் நிரம்பத்தான் போகும். அக்சிலேற்றர் கூட்டுவது டீசலை மட்டும். டர்போ இல்லாத எஞ்சினில் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகிற காற்று இவ்வளவுதான் என்று கட்டிவைத்த அளவு. ஒரு கிராம் டீசல் முழுதாக எரியக் கணக்கின்படி 14.5 கிராம் காற்று. கலப்பதற்கு நேரம் போதாததால் 18, 20 ஆவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் புகை. கொம்பனிக்காரன் சீல் அடித்தது அந்த எல்லைக்குச் சற்று முன்னால். அதைத் தாண்டி விடுகிற டீசலில் கொஞ்சம் வலுவாகிறது, மிச்சம் கரியும் சூடும்.

30 குதிரை என்று சொன்னவர் அளந்து பார்த்துச் சொன்னாரா என்றும் கேளும். டைனோ (வலு அளக்கிற மெசின்) இல்லாமல் குதிரை எண்ணுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

அப்படிக் கூட்டின வண்டிகளைத் திறந்திருக்கிறேன். பிஸ்டன் தலையில் உள்ள குழியின் விளிம்பில் மயிர் வெடிப்புகள் கிளம்பியிருக்கும். முதல் ரிங் தன் காடிக்குள் கரி இறுகி அசையாது. லைனரில் ஹோனிங் கோடுகள் ஒரு பக்கம் அழிந்து கண்ணாடியாகியிருக்கும், எரியாத டீசல் வடிந்து ஒயில் படையைக் கழுவின இடம் அது. ஒயிலை விரலில் தொட்டால் வழுக்காது, டீசல் மணக்கும். அலுமினியம் உருகுவது 660 பாகையில், ஆனால் அதில் பாதிச் சூட்டிலேயே அதன் பலம் போகத் தொடங்கிவிடும்.

கார் என்றால் இந்தச் சூடு சில செக்கன், பிறகு கால் எடுத்துவிடுவார்கள், பிஸ்டன் ஆறிவிடும். மாமாவின் டிப்பர் மணலோடு குழியிலிருந்து மேலே வரும்போது கால் தரையில்தான். ஆறுவதற்கு அவகாசமே இல்லை. அதற்கு மேல், பாரமும் அனுமதித்த அளவில் ஏற்றுகிறார்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

புகைப் பரிசோதனையிலும் விழும். பரிசோதனைக்கு முதல் நாள் வந்து "குறைச்சு விடுங்கோ" என்பார்கள், அடுத்த நாள் வந்து "கூட்டி விடுங்கோ" என்பார்கள்.

நல்லூர் நக்கல்

அந்த ஸ்க்ரூவுக்கு ஒரு குழாய்ப் பிடி மாட்டிவிட்டால் கராஜுக்கு அலைய வேண்டியதில்லையே.

கொக்குவில் பெடியன்

சரி, பம் வேண்டாம். டர்போ போடலாமா? காற்றுத்தானே பிரச்சினை, டர்போ காற்றைத் தரும்தானே?

சாவகச்சேரி கராஜ்

தரும். ஆனால் டர்போவோடு வருகிற எஞ்சினில் அது மட்டுமா வேறு? பிஸ்டன் வேறு, அமுக்கம் குறைவு. பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஒயில் பீச்சிக் குளிர்விப்பார்கள். ஒயில் பம், ரேடியேற்றர் எல்லாம் அதற்கேற்ற அளவு. பழைய எஞ்சினின் தலையில் டர்போவை மட்டும் கட்டினால் ஹெட் கஸ்கெட் முதலில் போகும், பிறகு மற்றவை ஒழுங்காக வரிசையில் வரும். டர்போ வேண்டுமென்றால் டர்போ எஞ்சினாகவே முழுதாக வாங்கி இறக்கச் சொல்லும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது இருக்கிறது. எயார் ஃபில்டரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்லும். கிரவல் றோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது அடைபட்டிருந்தால் இழுவை தானாகவே போய்விடும். டெப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), நொசில் பிரஷர், பம் ரைமிங். இந்த நான்கும் சரியா என்று பார்க்காமல் சீலை வெட்டுகிறவனிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

ஸ்காபரோ சாரதி

எல்லாம் சரியாக இருந்தும் இழுவை போதவில்லை என்றால் கிறவுன் பினியனை, அதாவது பின் அச்சில் உள்ள பல்லுச்சில்லுச் சோடியைப் பாருங்கள். டிப்பர் ஓடுவது கிட்டத் தூரம், வேகம் தேவையில்லை. பின் அச்சில் எத்தனைக்கு எத்தனை பல் இருக்கிறது?

கொக்குவில் பெடியன்

மாமாவிடம் கேட்டேன். 37 க்கு 6 ஆம். எஞ்சின் பக்கம் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம், வெளிச்சம் தெரிகிறது. மற்ற மூன்றையும் கராஜில் காட்ட வேண்டும்.

சாவகச்சேரி கராஜ்

37 க்கு 6 என்றால் 6.17. அது நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு ஏற்றது. 41 க்கு 6 சோடி கிடைக்கும், அது 6.83. ஒவ்வொரு கியரிலும் சில்லில் இழுவை நூற்றுக்கு 11 அளவில் கூடும். எஞ்சினில் கை வைக்கவில்லை, பிஸ்டனுக்குச் சூடு கூடவில்லை. உச்ச வேகம்தான் அதே அளவில் குறையும், 80 இல் ஓடினது 72 இல் ஓடும். டிப்பர் 72 இல் ஓடினால் றோட்டில் போகிற சனத்துக்கும் நல்லது.

சோடியாக வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பூட்டும்போது பல் பிடிப்பை நிறம் பூசிப் பார்த்து ஷிம் (மெல்லிய தகடு) வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஸ்பீடோமீற்றர் காட்டுவதும் மாறும், அதன் கியரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.